அரை வெங்காயம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் தெம்பாக இருக்கிறோம். காலையில் ஒரு சண்டை, மாலையில் ஒரு சண்டை என்று குறைவில்லாமல் போகிறது. தெம்பில்லாமல் அதெல்லாம் முடியுமா? நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "நல்லாருக்கேன்பா" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை. நீயாக எழுது.

நீ அனுப்பிய திட்டத்தைப் படித்ததிலிருந்து வீடு வீடாக இல்லை. வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்து சூப் கடை வைக்கப் போகிறாய் என்றதும் உன் அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதாள். சந்தோஷத்தில்தான். அழுது முடித்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஏங்க, சூப் குடிக்கவா கடைக்கு வருவாங்க?" என்று கேட்டாள். அவள் கேட்டதுதான் இந்தத் தொழிலின் முதல் கேள்வி. இத்தனை வருடம் என்னோடு குடும்பம் நடத்தியதில் பாதித் தொழில் அவளுக்கு வந்துவிட்டது. முழுதும் வந்துவிட்டது என்பது அவள் கட்சி.

மருந்துக் கடைக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது என்று அவள்தான் போனில் உன்னிடம் வாய் தவறிச் சொன்னாளாம். வாய் தவறியதா, வேண்டுமென்றே தவறவிட்டதா என்று நான் விசாரிக்கவில்லை. இடத்தின் சொந்தக்காரர் மருந்துக் கடைக்காரர்தான். செல்போன் கடை வைக்க ஒருவர் தினமும் வந்து நச்சரிக்கிறாராம். மாதக் கடைசி வரை நமக்காகப் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

"அப்பாவா பதில் சொல்லாதீங்க, கன்சல்டன்டா சொல்லுங்க. எழுதி அனுப்புங்க" என்றாய். சரியான பேச்சு. நான் யாருக்கும் வாயால் ஆலோசனை சொல்வதில்லை. நன்றாகத் தலையாட்டுவார்கள், தெருமுனை திரும்புவதற்குள் மறந்துவிடுவார்கள். போனில் பேசினால் உன் அம்மா வேறு பின்னாலிருந்து பாதிப் பேச்சைப் பிடுங்கிக்கொள்வாள். ஆகவே இந்தக் கடிதத்தில் அப்பா கிடையாது. முதல் வரியில் தலையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

நீ படிக்க வெளியூர் போன பிறகுதான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். அதனால் கன்சல்டன்டைப் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும். பாதி ஆயுளைப் பெரிய ஓட்டல்களின் சமையலறையில் நின்றே கழித்துவிட்டு, இந்தச் சின்ன ஊருக்கு வந்து தையல் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்தேன். 'உணவுத் தொழில் ஆலோசகர்' என்று பலகை மாட்டினேன். முதல் மாதம் வந்தவர்கள் எல்லாரும் எடை குறைய என்ன சாப்பிட வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள்தான். ஒருவர் பல் வலிக்கு வந்தார். அவரையும் சும்மா அனுப்பவில்லை, கிராம்பு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இப்போது ஊரில் எனக்குப் பெயர் பூட்டு சார். ஓடாத கடையை ஓடாது என்று நான் சொல்கிறேன், அவர்கள் பூட்டுகிறார்கள், பட்டம் எனக்கு. நான் தெருவில் இறங்கினால் மருந்துக் கடைக்காரர், "ஷட்டரைப் பத்திரமா பாத்துக்கங்க, பூட்டு சார் வர்றார்" என்று இரண்டு பக்கமும் குரல் கொடுப்பார். நான் ஓட வைத்த கடைகளைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. கவுன்டரில் இரண்டு பேர் நின்று பரிமாறுவார்கள். ஒருவர் முன்னால் வரிசை வாசல் வரை நிற்கும், இன்னொருவர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். அந்த ஆளுக்கு முகராசி இல்லை என்று முதலாளி அவரை வேலையைவிட்டு அனுப்பப் பார்த்தார். நான் இரண்டு பேருடைய கரண்டியையும் வாங்கித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒன்று மற்றதைவிட ஒரு வாய் கூடுதலாகப் பிடித்தது. முகராசி அவ்வளவுதான். ஒரே அளவில் இரண்டு கரண்டி வாங்கச் சொன்னேன், வரிசை இரண்டாகப் பிரிந்தது.

எந்தச் சமையலறைக்குள் போனாலும் முதலில் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்ப்பேன். ஜனங்கள் எதைச் சாப்பிடவில்லை என்பது அதில்தான் இருக்கும். போன மாதம் அப்படி ஒரு தொட்டியைத் திறந்தேன். வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர், அரசு அலுவலகத்துக்கு எதிரே சாண்ட்விச் கடை வைத்திருந்தார். தொட்டி நிறைய முழு முழு ரொட்டியாக இருந்தது. "சார், இது ஓடாது" என்றேன். மனிதர் அசரவே இல்லை. "ஓடாதுன்னு எனக்குத் தெரியாதா? வீட்ல நான் ஒருத்தன்தான் இருக்கேன். காலைல சட்டைய மாட்டிக்கிட்டுப் போறதுக்கு ஒரு இடம் வேணும்ல" என்றார். அதற்கு எதற்கு ஒரு கடை, என் ஆபீசில் நாற்காலி சும்மாதான் கிடக்கிறது, வந்து உட்காருங்கள் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மறுநாள் காலையில் நான் போவதற்கு முன்பே வந்து படிக்கட்டில் நிற்கிறார். இப்போது தினமும் வருகிறார். பேப்பரைச் சத்தம் போட்டுப் படிக்கிறார். என்னைப் பார்க்க வருகிறவர்களைக் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்காரச் சொல்கிறார்.

இனி உன் கடை. சூப்பை எப்படி வைக்கிறாய், எதை எவ்வளவு போடுகிறாய் என்பதை நான் போன் செய்யும்போது வாயால் சொல்லு. கை அளவு எழுத்தில் வராது. எத்தனை மணிக்குத் திறப்பாய், எத்தனை வகை வைப்பாய், இவற்றை எழுதி அனுப்பு.

நான் யாரிடமும் கேட்காமல் விடாத கேள்வி ஒன்று இருக்கிறது. கூட யார்? சாப்பாட்டுக் கடை ஒற்றை ஆள் தொழில் அல்ல. ஒருவர் அடுப்பில் நின்றால் ஒருவர் கல்லாவில் இருக்க வேண்டும், இன்னொருவர் கழுவ வேண்டும். உனக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்குக் கடையை யார் திறப்பார்கள்? உன் திட்டம் முழுக்க நான், நான் என்றே இருக்கிறது. மாப்பிள்ளையும் வருகிறாரா, இல்லை கொஞ்ச நாள் அங்கேயே இருந்துவிட்டு வருவாரா? தெளிவாக எழுது.

வேறு விசேஷம் இல்லை. மாடிக் குழாய் ஒழுகுகிறது. நான் சரி செய்கிறேன் என்றேன், வேண்டாம், ஒழுகுவதோடு போகட்டும் என்கிறாள் உன் அம்மா.

பதிலை எதிர்பார்க்கும்,
பூட்டு சார்


அன்பு மகளுக்கு,

உன் பதில் வந்தது. கையெழுத்து நேராக இருக்கிறது, உடம்பும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். கேட்டதற்கெல்லாம் அழகாகப் பதில் எழுதியிருக்கிறாய். மூன்று வகைக்கு மேல் வேண்டாம் என்று நீயே முடிவு செய்திருப்பதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என்னிடம் வருகிறவர்கள் முப்பது வகையோடு வருவார்கள், பாதியை வெட்டுவதற்குள் அழுதுவிடுவார்கள். 'கூட யார்' என்ற கேள்வியை மட்டும் விட்டுவிட்டாய். அவசரத்தில் விட்டுப்போயிருக்கும்.

இடத்தைப் பார்த்துவிட்டேன். மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. கேட்டவுடன் யாரும் நல்ல இடம் என்பார்கள். நான் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் எதிரே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கேஷியரும் கூட வந்தார். போகிற வருகிற ஆட்களை எண்ணச் சொன்னேன். மனிதர் பழக்கதோஷத்தில் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு எண்ணினார். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

ஆட்களுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் அங்கே நிற்கிற யாரும் கடையைப் பார்ப்பதில்லை, பஸ் வருகிற திசையைத்தான் பார்க்கிறார்கள். டீயை வாங்கினால் இரண்டு மடக்கில் குடித்துவிட்டு ஓடுகிறார்கள். சூப்பை அப்படிக் குடிக்க முடியுமா? ஊதி ஊதிக் குடிக்க வேண்டும். ஊதி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆறவைத்துக் கொடுத்தால் அது சூப் இல்லை. இன்னொன்று, மத்தியான வெயில் கடைசிச் சுவர் வரை நீட்டி அடிக்கிறது. அந்த வெயிலில் அடுப்புக்கு முன்னால் நின்று பார்த்தேன், என் தலையிலேயே சூப் வைக்கலாம் போலிருந்தது. பின்னால் பாத்திரம் கழுவுகிற இடம் தெருச் சாக்கடையைவிடத் தாழ்வு. ஒரு வாளி ஊற்றினேன், அரை வாளி திரும்பி வந்து என்னைப் பார்த்தது.

அடுத்தது சூப். போனில் நீ சொல்லச் சொல்ல, உன் அம்மா அடுப்பில் வைத்தாள். "அரை வெங்காயம்பா, ஒரு சின்ன கேரட், ஒரு கைப்பிடி பருப்பு" என்று நீ ஆரம்பித்தாய். மீதி அரை வெங்காயத்தை என்ன செய்வாய் என்று கேட்டேன். "மூடி ஃபிரிட்ஜ்ல வச்சிடுவேன், மறுநாளைக்கு ஆகும்" என்றாய். இந்த அளவு எத்தனை பேருக்கு என்று கேட்டேன். "ஒருத்தருக்குத்தான்பா" என்றாய். அங்கே ஏதோ பாத்திரத்தை நகர்த்தினாய். பிறகு, "அவர் சூப் குடிக்க மாட்டார்" என்றாய். சரி என்றேன்.

சூப் பிரமாதம். இதை அப்பாவாகச் சொல்லவில்லை. கடைசியில் எலுமிச்சையை இறக்கி வைத்த பிறகு பிழியச் சொன்னாயே, அது தெரிந்தவர்கள் கை. நானும் உன் அம்மாவும் ஆளுக்கு அரைக் கிண்ணம் குடித்தோம். கடைசி வாய்க்குச் சண்டை வந்தது, வழக்கம்போல் அவள் குடித்தாள்.

வீட்டுச் சமையலறையில் ருசிப்பது கடையில் ருசிக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் தெருமுனையில் பேக்கரி வைத்திருக்கும் அம்மாவிடம் கேட்டு, அவர் அடுப்பு சும்மா இருக்கும் நேரத்தில் பெரிய பாத்திரத்தில் நாற்பது பேருக்கு வைத்துப் பார்த்தோம். நீ சொன்ன அளவை அப்படியே நாற்பதால் பெருக்கினேன். அது சரிவராது என்று எனக்குத் தெரியும். ஒரு கிண்ணம் கொதிக்கும்போது தண்ணீர் பாதி ஆவியாகிவிடும், நாற்பது கிண்ணம் ஒன்றாகக் கொதித்தால் அவ்வளவு போகாது. உப்பும் மிளகும் பெருக்கல் வாய்ப்பாட்டுக்குக் கட்டுப்படாது. தெரிந்தும், எவ்வளவு தப்புகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டுமென்று செய்தேன். சூப் தண்ணீராகவும் இருந்தது, உப்பாகவும் இருந்தது. இரண்டும் ஒரே பாத்திரத்தில் எப்படி என்று கேஷியர் ஆச்சரியப்பட்டார். மருந்துக் கடைக்காரர் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "இத ராத்திரி படுக்கும்போது குடிக்கணுமா, சாப்பாட்டுக்கு முன்னாடியா?" என்று கேட்டார். பேக்கரி அம்மா மட்டும் முழுதும் குடித்துவிட்டு, "பொண்ணு கை நல்ல கைதான் சார், பெருக்குனது நீங்க" என்றார்.

அது திருத்தக்கூடிய தவறுதான். பத்து நாள் உட்கார்ந்தால் அளவைப் பிடித்துவிடலாம். அதை நினைத்து நீ மனம் தளர வேண்டாம்.

பேசி முடித்தபோது மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றாள் உன் அம்மா. வெளியே போயிருக்கிறார் என்றாய். அதற்கு முந்தின தடவையும் வெளியேதான் போயிருந்தார், அதற்கு முந்தியும் அப்படித்தான். நன்றாக நடக்கிற மனிதர், உடம்புக்கு நல்லது.

முடிவை எழுத எனக்கு இன்னும் கொஞ்ச நாள் கொடு. உன் சேமிப்பு முழுவதையும் இதில் போடப் போவதாக எழுதியிருக்கிறாய். வேறு யாராவது அப்படிச் சொன்னால் உடனே பதில் சொல்லிவிடுவேன். இதற்கு எனக்குப் பேனா ஓடவில்லை. அதுவரைக்கும் வேலையை விடுவதாக ஆபீசில் எழுதிக் கொடுத்துவிடாதே. உன் அம்மா மாடி அறையைக் காலி செய்து ஜன்னலுக்குப் புதுத் திரை தைக்கக் கொடுத்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டதற்கு, சும்மா என்றாள்.

குளிர் அதிகம் என்றாய். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

பூட்டு சார்


அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. ஏதாவது சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து படி.

முதலில் ஆலோசகர் பேசட்டும், நீ கேட்டது அவரைத்தானே. கடை வேண்டாம். அந்த இடத்தில் சூப் ஓடாது, காரணங்களைப் போன கடிதத்திலேயே எழுதிவிட்டேன். வேறு இடம் பார்க்கலாமே என்பாய். இந்த ஊரில் நின்று நிதானமாகச் சூப் குடிக்கிற இடம் ஆஸ்பத்திரி வாசல் ஒன்றுதான். அங்கே ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், அவரை அங்கே உட்கார வைத்ததே நான்தான். அவருக்கு எதிராக உன்னை உட்கார வைத்தால் நான் பலகையைக் கழற்றிவிட வேண்டும். இதையெல்லாம் சமாளித்தாலும், ஒற்றை ஆளாக நின்று ஒரு சாப்பாட்டுக் கடையை நடத்த முடியாது. முதல் ஆறு மாதத்தில் உடம்பு போகும், அடுத்த ஆறு மாதத்தில் சேமிப்பு போகும். உன் கையில் குறை இல்லை. இதை மட்டும் இரண்டு தடவை படி. மருந்துக் கடைக்காரரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது, கடைசி வார்த்தை உன்னுடையது. அறிக்கை முடிந்தது.

இதை எழுதவிடாமல் உன் அம்மா என்னோடு மல்லுக்கு நின்றாள். "ஓடும்னு எழுதுங்க" என்றாள். ஓடாதே என்றேன். "ஓடாதுன்னு எனக்கும்தான் தெரியும். நீங்க ஓடாதுன்னு எழுதினா அவ அங்கயே இருந்துடுவா. ஓடும்னு எழுதினா கெளம்பி வந்துடுவா. ஊருக்கெல்லாம் உண்மையச் சொன்னது போதாதா? பெத்த பொண்ணுக்கு ஒரு பொய் சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க?" என்றாள். அவள் இவ்வளவு நீளமாக, குரலை உயர்த்தாமல் பேசி நான் கேட்டதில்லை. குரலை உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அன்றைக்குப் பேனாவைத்தான் எடுத்தேன்.

எழுதிக்கூடப் பார்த்தேன். ஓடும் என்று எழுதுவதற்கு ஒரு நிமிஷம்தான் ஆனது, காரணங்கள் தாமாக வந்தன. பேனா அவ்வளவு சுகமாக ஓடி ரொம்ப நாள் ஆகிறது. நீ வந்துவிடுவாய். தினமும் உன்னைப் பார்க்கலாம், உன் அம்மாவும் சிரிப்பாள். அப்புறம் ஒரு நாள் நீ ஷட்டரை இறக்கிவிட்டு வந்து என் முகத்தைப் பார்ப்பாய். அன்றைக்கு உன் கையில் சேமிப்பும் இருக்காது, அப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையும் இருக்காது. ஏற்கெனவே ஒன்று உடைந்து நிற்கிறவளுக்கு இரண்டாவதாக ஒன்றை உடைத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

உடைந்தது என்று எழுதிவிட்டேன். இனி ஆலோசகருக்கு இங்கே வேலை இல்லை. அப்பா எழுதக் கூடாது என்று நீ சொல்லியிருக்கிறாய். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்.

உன் அம்மா போன வாரம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள், பாதியில் கத்தியை வைத்துவிட்டாள். "அரை வெங்காயத்த மூடி வைக்கிறான்னா அந்த வீட்ல ஒரு வாய்தான் சாப்பிடுது" என்றாள். நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளிடம் எப்படிச் சொல்வது என்று அத்தனை நாளாக நான் முழித்துக்கொண்டிருந்தது அதைத்தான். இரண்டு பேருக்குச் சமைக்கிறவர்கள் ஒரு வெங்காயம் என்றுதான் சொல்வார்கள். வேண்டுமானால் தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்வார்கள், மூடி வைக்க மாட்டார்கள். மாப்பிள்ளை சூப் குடிக்க மாட்டார் என்றாய். நீங்கள் இருவரும் கடைசியாக வந்திருந்தபோது உன் அம்மா வைத்த சூப்பை மூன்று கிண்ணம் குடித்துவிட்டு, நாலாவது கிண்ணத்துக்குச் சமையலறைக்கே வந்து நின்றவர் அவர். எனக்கு மனிதர்களின் பெயர் மறந்துபோகும், யார் எதை விரும்பிச் சாப்பிட்டார்கள் என்பது மறக்காது.

மாப்பிள்ளை அங்கே இல்லை. போய் ரொம்ப நாளாகிறது என்று நினைக்கிறேன். நான் நினைப்பது தப்பாக இருந்தால் இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டி இரண்டு பேரும் என்னை நினைத்து வயிறு குலுங்கச் சிரியுங்கள், எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறு இல்லை. தப்பாக இல்லை என்றால், என்ன நடந்தது, யார் மேல் குற்றம் என்று நாங்கள் கேட்க மாட்டோம். உன் அம்மா கேட்பாள், நான் தடுத்துவிடுகிறேன். அவர் போனது எனக்கு வருத்தம்தான், நல்ல பையன் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் "வெளிய போயிருக்கார்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு நீ அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாயே, அதுதான் எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம். கோபம் இல்லை. எங்களிடம் சொன்னால் நாங்கள் தாங்க மாட்டோம் என்று நினைத்திருப்பாய். நாங்கள் பார்க்கத்தான் வயதானவர்கள், தாங்குவோம்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வரக் கூடாது என்று ஒரு கடையையே தூக்கிக்கொண்டு வரப் பார்த்திருக்கிறாய். உன் வீட்டுக்கு நீ வருவதற்கு ஒரு தொழில் ஆரம்பிக்க வேண்டுமா? லீவு போடு, கிளம்பி வா. ஒரு பெட்டியோடு வந்தாலும் சரி, பத்துப் பெட்டியோடு வந்தாலும் சரி. மாடி அறை தயாராக இருக்கிறது, குழாயையும் ஆள் வைத்துச் சரி செய்தாகிவிட்டது. தெருவில் நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள். பதில் சொல்கிற வேலையை என்னிடம் விட்டுவிடு, நான் கேட்கிறவர்களுடைய கடை எப்படிப் போகிறது என்று விசாரிக்க ஆரம்பித்தால் எல்லாரும் நகர்ந்துவிடுவார்கள். வந்து நன்றாகத் தூங்கு. உன் அம்மா சமைப்பதில் குறை சொல்லு, அவளுக்கும் என்னை விட்டால் சண்டை போட ஆள் இல்லை. அதன் பிறகு இங்கேயே இருக்கத் தோன்றினால் இரு. அங்கே வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று தோன்றினால் நானே கொண்டுபோய் ஏற்றிவிடுகிறேன், ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அடுத்த வருடமும் கடை ஆசை போகவில்லை என்றால் என் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார், முறைப்படி பேசுவோம்.

உன் அம்மா இதைப் படித்துவிட்டாள். ஒரு திருத்தமும் சொல்லவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் எழுதிய எதற்கும் அவள் திருத்தம் சொல்லாமல் விட்டது இது ஒன்றுதான். கவரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள், தானே போய்த் தபாலில் போட வேண்டுமாம்.

டிக்கெட் எடுத்ததும் வருகிற தேதியை மட்டும் எழுது. ஏன் வருகிறாய் என்று எழுத வேண்டாம்.

நன்றாக இரு, கண்ணு.

அப்பா